கொம்பைவிட நம்பத் தகுந்த முடிச்சுகள்

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில், வண்டு பிடிக்க வைக்கும் பொறிவாளியில் விழுந்து கிடக்கும் கறுத்த, தடித்த வண்டுகள் யாவும் ‘கொம்பு வண்டு’ என்ற ஒரே பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. குருத்தைத் துளைத்து, பின்னர் விரியும் மட்டைகளை விசிறிபோல் வெட்டுப்பட வைக்கும் அந்த வண்டு, 1758இல் லின்னேயஸ் விவரித்த ஒரிக்டஸ் ரைனோசெரஸ் என்னும் இனம். மலேசியாவில் இதற்கு ஒரிக்டஸ் க்னூ என்ற நெருங்கிய உறவு இனமும் உண்டு.

க்னூ பொதுவாக உருவில் பெரியது என்றாலும், அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது தவறு. வண்டின் உடலளவும் கொம்பின் நீளமும் புழுப் பருவத்தில் அது தின்ற உணவைப் பெரிதும் பொறுத்தவை. மறுநடவுக்காகச் சாய்த்துத் துண்டாக்கிய மரங்களின் மட்கில் வயிறார வளர்ந்த புழு பெரிய வண்டாகும். அதே இனத்தில் அரைப்பட்டினியில் வளர்ந்தது, கொம்பு வெறும் மொட்டாக நிற்கும் குட்டை வண்டாகும்.

ஆகவே பழைய பல்துலக்கியால் மண்ணைத் தேய்த்துவிட்டு, தலைக்குப் பின்னுள்ள மார்புக் கவசத்தைப் பார்க்க வேண்டும். அதன் முன்பகுதி கிண்ணம்போல் குழிந்திருக்கும். குழியின் பின்விளிம்பில் எழும் முடிச்சுகள் இரண்டு என்றால் ரைனோசெரஸ். மூன்று என்றால் க்னூ. சிறிய வண்டுகளில் முடிச்சுகள் தாழ்ந்திருக்கும் என்பதால், கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விழும் நிழல்களை எண்ணுவதே நல்லது. எனக்கு இதைவிட நிறைவு தரும் எளிய சோதனை வேறில்லை.

கொம்பை வைத்து ஆண், பெண் என்று பிரிப்பதிலும் இதே ஏமாற்றம் நேரும். நீண்ட கொம்புடைய பெண்ணும் குறுங்கொம்புடைய ஆணும் இருப்பதால், ரைனோசெரஸ் வண்டை மல்லாத்தி வயிற்றின் நுனியைப் பார்ப்பதே முறை: பெண்ணுக்கு அங்கே செம்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும், ஆணுக்கு வழவழப்பாக இருக்கும். பொறியில் தொங்கவிடும் மணப்பொருள் ஆண் வண்டு வெளியிடுவதன் நகல்; அது இரு பாலையும் இழுக்கும். முட்டையிடும் பெண்கள் எத்தனை சிக்கின என்பதை இந்த மயிர்க்கற்றையே சொல்லிவிடும்.

இரண்டு கவட்டைக் கொம்புகள், ஒன்று தலையிலும் மற்றொன்று மார்பிலிருந்து முன்னோக்கியும் நீண்டிருந்தால், அது சைலோட்ரூப்பஸ் என்ற வேறு பேரினத்தின் ஆண். முடிச்சுகளும் தெளிவு தராத வேளையில், ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து உருப்பெருக்கியின் கீழ் ஒப்பிடுகிறார்கள் வகைப்பாட்டாளர்கள். புழு தின்ற தீனி கொம்பை மாற்றும் அளவுக்கு அந்த உறுப்பின் வடிவத்தை மாற்றுவதில்லை.