வெட்டுப்பட்ட பித்தக்குழாயை ஏன் அப்படியே ஒட்டுவதில்லை?

செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். தூர்பீன் ஆபரேஷன்தான், இரண்டே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போனோம். ஒரு வாரத்தில் கண் மஞ்சளாகிவிட்டது. உள்ளே ஏதோ குழாய் வெட்டுப்பட்டுவிட்டதாம். இரண்டு மாதம் இடுப்பில் பித்தம் வடியும் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாள். அப்புறம் வேறொரு ஆஸ்பத்திரியில் சிறுகுடலை மேலே இழுத்துக் கல்லீரலோடு தைத்தார்கள். வெட்டுப்பட்ட இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டினால் போதாதா? பிளம்பர் அப்படித்தானே செய்வார்?"

பிளம்பர் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பதில் அதற்குள்தான் இருக்கிறது.

பள்ளிப் பாடம் நினைவிருக்கும். கல்லீரல் தினமும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது பென்சில் பருமன்கூட இல்லாத, சுமார் 6 மில்லிமீட்டர் அகல பொதுப் பித்தக்குழாய் வழியாகச் சிறுகுடலுக்குப் போகிறது. பித்தப்பை இந்தப் பெரிய குழாயிலிருந்து ஒரு சின்னக் கிளைக்குழாயில் தொங்குகிறது. அந்தக் கிளைக்கும், பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கும் கிளிப் போட்டு வெட்டினால் பை கையோடு வந்துவிடும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுத் திரையில் பார்த்துச் செய்யும் அந்தத் தூர்பீன் ஆபரேஷனில், இதை இந்தியாவில் முதலில் செய்தது நம் மும்பையில்தான்: 1990, ஜே.ஜே. மருத்துவமனை, டாக்டர் தெஹம்தன் உத்வாடியா.

தவறு எங்கே நடக்கிறது? ஒரு கவட்டைக் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால், அதுவும் அடித்தண்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடும். வயிற்றுக்குள்ளும் அதே கதைதான். பித்தப்பையைப் பிடித்து இழுக்கும்போது பெரிய குழாய், கிளைக்குழாயின் தொடர்ச்சி போலத் திரையில் தெரிகிறது. சர்ஜன் அதையே கிளை என்று நம்பி கிளிப் போட்டுவிடுகிறார். 2003-இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 252 காயங்களை அலசிப் பார்த்தார்கள். 97 சதவீதத்தில் மூல காரணம் கண்ணை ஏமாற்றிய தோற்றம்தான். கை பழகாதது காரணமாக இருந்தவை மிகக் குறைவு. இதைத் தவிர்க்க 1995-இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் ஒரு விதி சொன்னார்: அந்த இடத்துக் கொழுப்பைச் சுத்தமாக விலக்கி, பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள்தான் போகின்றன என்று கண்ணால் பார்க்கும்வரை எதையும் வெட்டாதே. கேட்கச் சுலபம். வீங்கிப்போன, ஒட்டிக்கிடக்கும் பித்தப்பையில் அது சுலபமில்லை.

வயிற்றைத் திறந்து செய்த காலத்திலும் இது நடந்ததுதான். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான அந்தோணி ஈடனுக்கே 1953-இல் லண்டனில் குழாய் வெட்டுப்பட்டது. சரிசெய்ய பாஸ்டன்வரை போனார்.

சரி, பிளம்பரிடம் வருவோம். பி.வி.சி. குழாய்க்கு உயிர் இல்லை. அதை எங்கே வெட்டினாலும் கப்ளிங் போட்டு ஒட்டலாம். பித்தக்குழாயின் சுவர் உயிருள்ள திசு, அதற்கும் ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் வரும் விதம் இருக்கிறதே, அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை. வேட்டிக்கு இரண்டு ஓரத்திலும் கரை ஓடுவது போல, இந்தக் குழாயின் இரு பக்கமும் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. குழாயைக் குறுக்கே வெட்டிக் கடிகாரமாகப் பார்த்தால் 3 மணிக்கும் 9 மணிக்கும். அவற்றில் ஓடும் ரத்தத்தில் சுமார் 60 சதவீதம் கீழே முன்சிறுகுடல் பக்கமிருந்து ஏறி வருகிறது. 38 சதவீதம் மேலே கல்லீரல் பக்கமிருந்து இறங்குகிறது. குறுக்குவாட்டில் வருவது மிகச் சொற்பம்.

குழாயை வெட்டினால் கரையும் சேர்ந்து அறுந்துவிடும். மேல்துண்டுக்குக் கீழிருந்து வந்துகொண்டிருந்த பெரும்பங்கு போச்சு. அக்கம்பக்கத்தைக் கிளறியதிலும் மின்கத்தியின் சூட்டிலும் மிச்சக் கரையும் கருகியிருக்கும். பல சமயம் குழாயில் ஒரு துண்டே பையோடு போயிருக்கும். மீதி முனைகளை இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையலில் விறைப்பு. ரத்தமும் குறைவு, இழுவையும் உண்டு, போதாததற்குக் கசியும் பித்தம் வேறு அரிக்கிறது. அங்கே ஆறுவதெல்லாம் தழும்பாகத்தான் ஆறும், தழும்பின் குணம் சுருங்குவது. 6 மில்லிமீட்டர் குழாயில் சுருங்க என்ன மிச்சம்? சில மாதத்திலோ சில வருடத்திலோ அடைப்பு, மறுபடி காமாலை. துண்டு எதுவும் போகாத, சுத்தமான சிறு வெட்டை அங்கேயே கண்டுபிடித்தால் மட்டும் நேராகத் தைத்துப் பார்ப்பதுண்டு.

அதனால்தான் கெட்டிக்கார சர்ஜன்கள் அடிபட்ட இடத்தை விட்டுவிட்டு மேலே போகிறார்கள். கல்லீரலின் வாசலில், இடது வலது குழாய்கள் கூடும் இடத்தருகே, ரத்தம் நன்றாக இருக்கிறது. அங்கே புது வாய் வைக்கிறார்கள். அதோடு சேர்க்கச் சிறுகுடல் ஏன்? அதற்கு ரத்தம் தாராளம், எவ்வளவு மேலே இழுத்தாலும் வரும். குடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்முனையை மேலே கொண்டுவந்து குழாயோடு தைக்கிறார்கள். மேல்முனையை அரை மீட்டர்போலக் கீழே, அதே குடலின் பக்கவாட்டில் சேர்க்கிறார்கள். ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம். சுவிட்சர்லாந்து சர்ஜன் செசார் ரூ பெயரால் இதை ரூ-என்-ஒய் என்பார்கள். அந்த அரை மீட்டர் எதற்கென்றால், குடலின் அசைவு எப்போதும் கீழ்நோக்கித் தள்ளுவதால் சாப்பாடு அவ்வளவு தூரம் ஏறிக் கல்லீரலுக்குள் போகாது.

அம்மாவை இரண்டு மாதம் காக்கவைத்ததும் அலட்சியமில்லை. பித்தம் கசிந்த வயிற்றில் திசு ஈரக் காகிதம் மாதிரி இருக்கும், தையல் நிற்காது. முதல் சீரமைப்பே நல்ல சீரமைப்பாக இருக்கவேண்டும். எனவே காயம் தெரிந்ததும், இதையே தொழிலாகச் செய்யும் கல்லீரல் சர்ஜனிடம் அனுப்புவதுதான் முறை. தவறு செய்தவரே தானே சரிசெய்யப் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை, எத்தனை பெரிய கையாக இருந்தாலும்.

இதைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்குப் பயந்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் கல்லை வெளியேற்றும் வாட்ஸ்அப் வைத்தியத்துக்குப் போய்விடாதீர்கள். மறுநாள் பச்சையாக வெளியே வருவது கல் இல்லை. குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகக் கட்டிய உருண்டை. லேப்ராஸ்கோப்பியில் குழாய் வெட்டுப்படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஆறு பேருக்குத்தான்.

வாசகி கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: அம்மா இனி வெண்பொங்கல் சாப்பிடலாமா? பித்தம் இப்போதும் குடலுக்குத்தான் வருகிறது, சாப்பாட்டை முன்பைவிடக் கொஞ்சம் கீழே சந்திக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் சரி என்றால் சாப்பிடட்டும், நெய் அளவாக. ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ, உடம்பெல்லாம் அரிப்போ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும், அது அஞ்சு வருஷம் கழித்து வந்தாலும்.