ஒளிராததற்கு எதற்கு ‘ஒளிர்திறன்’?

“ஏரிசின் ஒளிர்திறன் 0.96.” இந்த வாக்கியத்தை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். ஏரிசுக்குச் சொந்த வெளிச்சமே கிடையாது. நெப்டியூனுக்கு அப்பால் உறைந்து கிடக்கும் குறுங்கோள் அது. சூரியன் தருவதைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

இங்கே ‘ஒளிர்திறன்’ ஆகியிருக்கும் மூலச்சொல் ஆல்பிடோ. லத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை, ‘ஆல்பிடோ’ என்றால் வெண்மை. 1760-இல் கணித அறிஞர் லாம்பெர்ட் இதை ஒளியளவியலுக்குள் கொண்டுவந்தார். ஒரு பரப்பு தன்மேல் விழும் ஒளியை எந்த அளவுக்குத் திருப்புகிறது என்பதே பொருள்.

தமிழில் ஒளிர்வது விளக்கு, மின்மினி, விண்மீன். விண்மீன் வெளிவிடும் ஆற்றலுக்கு ஒளிர்வு, ஒளிர்திறன் என்று எழுதிவருகிறோம். அதே சொல்லைப் பனிக்கட்டி உருண்டைக்கும் ஒட்டினால், அளவீட்டு முறையே வாசகருக்குப் புரியாமல் போகும். தொலைவில் ஒரு புள்ளி தெரிகிறது. அது பெரிய கரிய உருண்டையா, சிறிய வெண்ணிற உருண்டையா? புள்ளியின் பொலிவு ஒன்றே என்றால், ஆல்பிடோ 0.04 உள்ளது 0.96 உள்ளதைவிட விட்டத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிது. அதனால்தான் அகச்சிவப்பில் வெப்பத்தையும் அளக்கிறார்கள்: திருப்பாமல் விழுங்கிய ஒளிதான் வெப்பமாக வெளிவருகிறது. இரண்டையும் சேர்த்தால் அளவும் கிடைக்கும், ஆல்பிடோவும் கிடைக்கும். ஏரிசு 2010-இல் ஒரு விண்மீனை மறைத்தபோது விட்டம் 2,326 கிலோமீட்டர் என்று தெரிந்தது, 0.96 அதிலிருந்து வந்ததே. திருப்புவது, விழுங்குவது என்ற இந்தக் கணக்கில் ‘ஒளிர்’ எங்கே வருகிறது?

‘வெண் எகிர்சிதறல்’ என்போரும் உண்டு. லத்தீன் வெண்மையை விடாமல் சுமக்கும் விசுவாசம்! ஹாலி வால்வெள்ளியின் கரு நிலக்கரியைப் போலக் கறுத்தது, அதற்கும் ‘வெண்’ணா? மேலும், சிதறல் ஒரு நிகழ்வு. நமக்கு வேண்டியது அளவு. அகராதியைத் திறந்தவர் பொருளையும் பார்த்திருக்கலாம்.

எதிரொளித்திறன் போதும். இதையும் விழுக்காட்டில் எழுதாதிருப்பது நல்லது. ஏரிசின் 0.96 போன்ற வடிவியல் எதிரொளித்திறன், விழும் ஒளியின் பங்கு அல்ல; அதே அளவுள்ள ஒரு வெண்தட்டோடு செய்யும் பொலிவு ஒப்பீடு. சனியின் நிலவு என்சலடசுக்கு அது 1-ஐத் தாண்டுகிறது. சொல்லில் ஒரே தொல்லை ளகரம். ஒரு பிழைதிருத்துநர் அயர்ந்தார். காற்றில்லாத நிலவொன்றின் ‘எதிரொலித்திறன்’ அச்சேறிவிட்டது.