வீட்டுக்கு வாக்கர் வந்த பிறகு: துணைவரின் உடல்நலம்

பக்கவாதத்துக்குப் பிறகோ இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகோ ஒரு முதியவர் வாக்கருடன் வீடு திரும்பும்போது, அதன் உயரம், பிடி, அடியிலுள்ள ரப்பர் ஆகியவற்றைப் பற்றி விரிவாகவே பேசுகிறோம். அன்று முதல் அவருடைய மனைவியோ கணவரோ எதைத் தூக்குவார், இரவில் எத்தனை முறை எழுவார் என்று கேட்பவர்கள் குறைவு. இயன்முறை மருத்துவராக வீடுகளுக்குச் செல்லும்போது, பயிற்சி பெறுபவரைவிடப் பக்கத்தில் நிற்பவரின் முதுகும் தோளும்தான் பல நேரங்களில் எனக்குக் கூடுதல் கவலையைத் தருகின்றன. அவரும் எழுபதைத் தொட்டவராகவே இருப்பார். மூட்டுத் தேய்மானமும் எலும்புத் தேய்மானமும் அவருக்கும் இருக்கலாம்.

அடிக்கடி காண்பது இது. கணவர் தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி எதிரே நின்று வாக்கரின் கால்களைத் தன் பாதங்களால் அழுத்திக்கொள்ள, அவர் அதை இழுத்துப் பிடித்து எழப் பார்க்கிறார். பாதி எழுந்த நிலையில் தடுமாறும்போது, மனைவி குனிந்து அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார். அவருடைய எடையில் பெரும்பகுதி அந்த நொடியில் மனைவியின் இடுப்பில் இறங்குகிறது. பக்கவாதத்தால் தளர்ந்த தோளாக இருந்தால், கணவரின் தோள் மூட்டுக்கும் அது கேடு. வாக்கர் நடப்பதற்கான துணை. இழுத்து எழுவதற்கான பிடிமானம் அன்று. நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றே பின்னுக்கு இழுத்து, உடலை முன்னால் சாய்த்து, நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்த பிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். கைவைத்த, உறுதியான, சற்று உயரமான நாற்காலி ஒன்றும், கட்டிலின் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டைகளும் இருந்தால், பலருக்கு அடுத்தவர் கை தேவைப்படாமலேயே போய்விடும். மனைவியின் முதுகுக்கு நான் சொல்லும் முதல் மருந்து அதுதான்.

இரவு இன்னும் கடினம். "வாக்கர் நகர்ற சத்தம் கேட்டாலே முழிச்சுக்குவேன் டாக்டர், திரும்பித் தூக்கம் வராது" என்று ஓர் அம்மா சொன்னார். பகலில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்ததற்கும் அந்த உறக்கமின்மைக்கும் தொடர்பிருக்கும் என்றே நினைக்கிறேன். கட்டிலருகே கமோட் நாற்காலியும் சிறிய இரவு விளக்கும் வைத்தால், கழிவறை வரை துணைக்குப் போக வேண்டிய நடை மிச்சமாகும்.

சக்கர நாற்காலியின் சுமை வேறு வகையானது. மடக்கக்கூடிய சாதாரண இரும்பு நாற்காலி 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். அதை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது பெரும்பாலும் துணைவரின் வேலையாகிறது. வாசற்படி அரை அடி உயரம் என்றால், சாய்தளம் குறைந்தது ஆறடி நீளம் இருக்க வேண்டும். பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால், தள்ளுபவரின் தோளும் முழங்காலும் அதற்கு விலை கொடுக்கும். வேறொரு இழப்பைப் பற்றி யாரும் எங்களிடம் பேசுவதில்லை. மாலையில் சேர்ந்து கோயிலுக்கு நடந்த தம்பதியில் ஒருவர் முன்னால் உட்கார, மற்றவர் பின்னால் தள்ளுகிறார். முகம் பார்த்துப் பேசுவது நின்றுபோகிறது. எங்காவது நிறுத்தி, நாற்காலிக்கு எதிரே அவரும் உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதுண்டு. அதே நாற்காலி, மாதக்கணக்கில் வாசலைத் தாண்டாத ஒரு கணவரையும் அவரை விட்டு நகர முடியாத மனைவியையும் ஒன்றாகப் பேத்தியின் திருமணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததையும் பார்த்திருக்கிறேன். கருவியை வேண்டாம் என்று தள்ளிவைப்பது துணைவருக்கு எவ்வகையிலும் உதவாது.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயது கடந்தவர்களுக்கு இத்தகைய கருவிகளை இலவசமாக வழங்க மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறவும் வழியுண்டு. சிகிச்சையாளர் வரும் நாளில் துணைவர் அடுக்களையில் இருந்துவிடாமல் பக்கத்தில் நின்று, தன் முதுகு வலியையும் மூட்டு வலியையும் சொல்ல வேண்டும். கருவி வாங்கப் போகும்போது இருவருமாகச் செல்லுங்கள். சக்கர நாற்காலி என்றால், குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு, தள்ளப்போகிறவரே அதைக் கடையில் ஒருமுறை மடக்கித் தூக்கிப் பார்க்கட்டும்.