போரோசிட்டியா, புரையா?

பெங்களூரு பீன்யாவில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போன மாதம் ஒரு டைட்டானியம் பிராக்கெட் வந்தது. லேசரால் பொடியை உருக்கி அடுக்கடுக்காக எழுப்பிய த்ரீடி பிரிண்ட் சாமான். கையில் எடுத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, பாதி உருகிய பொடி மணிகள் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதால் அப்படித்தான் இருக்கும், அதில் ஆச்சரியம் இல்லை. மில்லிங் மெஷினில் அரை மில்லிமீட்டர் சீவி எடுத்ததும் பளபளவென்று வந்த முகத்தில் ஊசி குத்தினாற்போல் நாலைந்து துளை! கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் இருந்து வந்த அண்ணன் எட்டிப் பார்த்து, “புளோ ஹோல்டா தம்பி” என்றார், வார்ப்பில் வாயு சிக்கி விழும் துளைக்கு அங்கே அதுதான் பெயர். நான் ரிப்போர்ட்டில் போரோசிட்டி என்று எழுதினேன்.

போரோசிட்டி, அதாவது உள்ளே துளை துளையாக இருப்பது. இந்தச் சொல்லின் வேர் கிரேக்கத்தின் ‘போரோஸ்’. வழி, கடந்துபோகும் பாதை என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், உலோகத்துக்குள் இருக்கும் துளைகளில் பல எங்கேயும் போவதில்லை, நாலு பக்கமும் அடைத்துக் கிடக்கும்.

தமிழில் நுண்துளைமை என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது மண்பானைக்குப் பொருந்துகிற சொல். பானையில் நீர் கசிந்து ஆவியாகித்தான் தண்ணீர் குளிர்கிறது, அங்கே துளை நல்லது. இங்கே துளைதான் கோளாறு. அதனால் என் ஓட்டு ‘புரை’க்கு. உள்ளே இருக்கும் துளை, குற்றம் இரண்டுக்கும் அது ஒரே சொல். குறள் 292-இல் ‘புரைதீர்ந்த நன்மை’ என்றால் குற்றமற்ற நன்மை. மேலே ஆறின மாதிரி தெரிந்து உள்ளே ஓடும் புண்ணைப் புரையோடிய புண் என்கிறோமே, எங்கள் பிராக்கெட்டும் அச்சு அசல் அதுதான்.

புரையிலும் வகை உண்டு. வாயு சிக்கியது உருண்டையாக இருக்கும். லேசரின் சூடு போதாமல் அடுக்குகள் சரியாக ஒட்டாத இடத்தில் வருவது கோணல்மாணலாக, முனை கூராக இருக்கும். சுமை ஏறி இறங்கி ஏறி இறங்கி விரிசல் விடும்போது அந்த முனையில் தொடங்க வாய்ப்பு அதிகம். அடர்த்தி 99.5 சதவீதம் என்று காகிதத்தில் போட்டிருந்தாலும் மீதி அரை சதவீதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. ஆழத்தில் இருப்பதைவிட மேற்பரப்பை ஒட்டி இருக்கும் புரைதான் பொல்லாதது. சொரசொரப்பின் பள்ளங்களும் விரிசலுக்கு அதே மாதிரி இடம் கொடுக்கும் என்பதால்தான் மில்லிங் செய்கிறோம், செய்தால் உள்ளே சும்மா கிடந்த புரை வெளியே வந்துவிடுகிறது.

அப்புறம் ஹிப் (HIP, ஹாட் ஐசோஸ்டாட்டிக் பிரஸ்ஸிங்) என்று ஒரு வைத்தியம், சூட்டோடு எல்லாப் பக்கமும் வாயுவால் அழுத்துவது. டைட்டானியத்தைச் சுமார் 920 டிகிரி செல்சியஸில், 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் போல வைத்தால் மூடிய புரை நசுங்கி ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பில் வாய் திறந்த புரைக்குள் வாயுவே நுழைந்துவிடும், அது மூடாது. அதாவது கிரேக்கன் சொன்ன ‘வழி’ உள்ள புரைக்கு ஹிப் பலிக்காது. நாங்கள் முதலில் மில்லிங் செய்துவிட்டோம்.