ட்ரைபாடா மோனோபாடா? மொதல்ல எங்க நிக்கப் போறீங்கன்னு சொல்லுங்க

போன வாரம் எங்க அக்கா பையன் சிங்கப்பூர் தேக்காவுல என்னைப் பாக்க வந்தான். தைப்பூசத்துக்குப் போயி 600 போட்டோ எடுத்திருக்கான், எதுவுமே ஷார்ப்பா இல்லையாம், "மாமா, லென்ஸ்ல ஏதோ கோளாறு, வித்துட்டு வேற வாங்கலாமான்னு யோசிக்கிறேன், இல்லன்னா நல்ல ட்ரைபாடா ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டான். டீ ஆறுற வரைக்கும் அவன் போட்டோ எல்லாத்தையும் ஒண்ணொண்ணா ஜூம் பண்ணிப் பாத்தேன். லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. 15 வருஷமா கல்யாணம், கோயில் விசேஷம், குழந்தைக்குப் பேர் வைக்கிறதுன்னு இந்த ஊர்லயே சுத்தி சுத்தி எடுத்துக்கிட்டு இருக்குற எனக்கு இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வருது, அதனால இந்த முறை எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

ட்ரைபாடோ (மூணு கால் ஸ்டாண்ட்) மோனோபாடோ (ஒத்தைக் கால் ஸ்டாண்ட்) வாங்குறதுக்கு முன்னாடி உங்க போட்டோ எதனால கலங்குதுன்னு கண்டுபிடிங்க. கலங்கல்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு நம்ம கை ஆடுறது. படத்துல இருக்குற தெருவிளக்கு, அகல் விளக்கு, சீரியல் பல்பு மாதிரி புள்ளி வெளிச்சத்தை ஜூம் பண்ணிப் பாருங்க, இடது ஓரம், நடு, வலது ஓரம்னு எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி, ஒரே பக்கமா கோடு இழுத்த மாதிரி இருந்தா அது கை ஆட்டம். ரெண்டாவது, எதிர்ல இருக்குறவங்க நகர்றது. ரோட்டுக் கோடும் பின்னாடி இருக்குற கடை போர்டும் தெளிவா இருந்து, காவடி எடுக்குறவரோட காலும் மயில் இறகும் மட்டும் கலங்கி இருந்தா, நீங்க உலகத்துலயே பெரிய ட்ரைபாட்ல வெச்சு எடுத்தாலும் அது அப்படித்தான் வரும். அதுக்கு ஷட்டர் ஸ்பீடைத்தான் ஏத்தணும், அதாவது ஷட்டர் திறந்திருக்குற நேரத்தைக் குறைக்கணும் (1/60ன்னா ஒரு செகண்டுல அறுபதுல ஒரு பங்கு). என் மருமகன் படத்துல முக்கால்வாசி ரெண்டாவது ஜாதி. 1/60ல வெச்சுக்கிட்டு ஆடிக்கிட்டு வர்றவரை எடுத்திருக்கான். நான் அந்த இடத்துல 1/250க்குக் கீழ போக மாட்டேன், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சாரோட உணர்திறன்) ஏறி கொஞ்சம் நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியா வந்தாலும் பரவாயில்ல.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, லென்ஸ் எத்தனை எம்எம்மோ (அதோட ஃபோகல் லெங்த்) அதை ஒண்ணுக்குக் கீழ போட்டு ஷட்டர் ஸ்பீட் வெக்கிறது. 50 எம்எம்முக்கு 1/50, 200 எம்எம்முக்கு 1/200. கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவா இருந்தா 1.5ஆல பெருக்கிக்கணும், அப்போ அதே 200 எம்எம் லென்ஸுக்கு 1/300 வருது, கேமராவுல 1/320 வைக்கணும். இதுக்குக் கீழ இறங்கித்தான் ஆகணும்னு வரும்போதுதான் ஸ்டாண்ட் பேச்சே வருது. மோனோபாட் வெச்சா என் கையில ஒரு ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ஷட்டர் நேரம் ரெண்டு மடங்கு) வரைக்கும் தாங்கும், அதாவது 1/200 இருக்குற இடத்துல 1/50 வரைக்கும் இறங்கலாம். ஆனா அது மேலயும் கீழயும் ஆடுறதைத்தான் சுத்தமா நிறுத்தும், பக்கவாட்டுல சாயுறதும் திரும்புறதும் நம்ம உடம்பைப் பொறுத்தது. 2 செகண்ட், 10 செகண்ட்னு போனா மோனோபாட் எதுக்கும் உதவாது, அங்க மூணு கால் வேணும்.

சரி, அப்போ எல்லாத்துக்கும் ட்ரைபாடே வாங்கிடலாமேன்னு தோணும். நானும் அப்படித்தான் நெனச்சேன். சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு கோயில் விசேஷத்துல, ராத்திரி நேரம், சாமி வர்றதை எடுக்கலாம்னு ரோட்டோரமா ட்ரைபாடை முழுசா விரிச்சு நின்னேன். முழு உயரத்துக்கு விரிச்ச ட்ரைபாட் கால் நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 1 மீட்டர் இடத்தைப் பிடிக்கும், ஆனா மேல இருக்குற கேமராதான் கண்ணுக்குத் தெரியும், கால் தெரியாது, அதுவும் கருப்புக் கால், கருப்பு ரோடு, சுத்தி இருட்டு. தட்டுல அர்ச்சனை சாமான் வெச்சுக்கிட்டு கூட்டத்தோட நகர்ந்து வந்த ஒரு அம்மா கால் என் ட்ரைபாடோட பின்னங்கால்ல மாட்டி அப்படியே முட்டி போட்டு விழுந்துட்டாங்க. தேங்காய் உருண்டு போகுது, குங்குமம் ரோடெல்லாம் கொட்டிக் கிடக்கு, முட்டியில ரத்தம். என் கேமரா ஒரு சின்னப் பையன் தலைக்குப் பக்கத்துல சாய்ஞ்சதை வேற ஒருத்தர் எட்டிப் பிடிச்சாரு. அந்த அம்மா எழுந்து "பரவாயில்ல தம்பி, சாமி காரியத்துல நடந்தது"ன்னு சொன்னாங்க. அன்னிக்கு அதுக்கு மேல என்னால ஒரு படம் எடுக்க முடியல. அன்னையில இருந்து ஆள் நடக்குற கூட்டத்துல நான் ட்ரைபாட் விரிச்சதே இல்ல, வேற யாராவது விரிச்சிருந்தாலும் போயி மெதுவா சொல்லிடுவேன்.

தைப்பூசத்துல சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் 3 கிலோமீட்டருக்கு மேல நடை. முன்தின ராத்திரியே பால்குடம் கிளம்ப ஆரம்பிச்சிடும். வெறுங்கால்ல, கண்ணு பாதி சொருகி, சொந்தக்காரங்க பிடிச்சுக்கிட்டு வர்றவங்க நடந்து வர்ற பாதை அது, அங்க தரையில நம்ம சாமான் எதுவும் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. மோனோபாடுன்னா உங்க காலுக்கு முன்னாடி ஒரே ஒரு புள்ளி, வழி விடணும்னா ஒரு செகண்ட்ல தூக்கிக்கலாம். பெரிய 70-200 லென்ஸ் போட்ட கேமரா 2 கிலோ கிட்ட கனக்கும், நாலு மணி நேரம் கையிலயே பிடிச்சு நின்னா மூணாவது மணி நேரத்துல கை நடுங்க ஆரம்பிச்சிடும், நடுங்குற கைக்கு எந்தக் கணக்கும் செல்லாது. அங்க மோனோபாட் நமக்கு ஷட்டர் ஸ்பீடை இறக்குறதுக்காக இல்ல, கனத்தைத் தாங்குறதுக்காக.

மோனோபாடை நிறைய பேரு ஊன்றுகோல் மாதிரி நேரா தனக்கு முன்னாடி நட்டு வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க, அப்படி நின்னா பலன் பாதிகூட இல்ல. நான் பண்ணுறதைச் சொல்றேன். ரெண்டு காலையும் தோள் அகலத்துக்கு விரிச்சு, இடது காலைக் கொஞ்சம் முன்னாடி வெச்சுக்குங்க. மோனோபாட் நுனியை உங்க ரெண்டு காலுக்கும் முன்னாடி ஒரு அடி தள்ளி வைங்க, இப்போ உங்க ரெண்டு காலும் அதுவும் சேர்ந்து முக்கோணம் ஆயிடுச்சு, நீங்களே ட்ரைபாடோட ரெண்டு கால். கண்ணுக்கு நேரா வர்ற உயரத்தை விட ரெண்டு விரல் அதிகமா நீட்டிட்டு, கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சு உடம்பு பாரத்தை மெதுவா அது மேல இறக்குங்க. மோனோபாட் ஸ்ட்ராப்புக்குள்ள மணிக்கட்டை விட்டுக்குங்க, இடது கையை லென்ஸ் மேல வெச்சு கீழ அமுக்குங்க, முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டி இருக்கணும். மூச்சை விட்டு முடிக்கிற இடத்துல பட்டனை அமுக்குங்க, மூணு படம் தொடர்ச்சியா எடுத்தா ரெண்டாவது பெரும்பாலும் நல்லா இருக்கும். பெரிய லென்ஸுக்கு காலர் (ஸ்டாண்ட்ல மாட்ட லென்ஸைச் சுத்தி இருக்குற வளையம்) இருந்தா அதுலதான் மாட்டணும், கேமரா பாடியில மாட்டினா மொத்தக் கனமும் லென்ஸும் கேமராவும் சேருற மவுண்ட்டை இழுக்கும். ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டுற வசதி) மோனோபாட்ல ஆன்லயே இருக்கட்டும், ட்ரைபாட்ல வெக்கும்போது ஆஃப் பண்ணிடுங்க, சில லென்ஸ் ஆடாத இடத்துல ஆட்டத்தைத் தேடித் தானே ஆட்டிவிடும்.

கல்யாணத்துக்கும் இதே கதைதான். கெட்டிமேளம் கொட்டுனதும் சொந்தக்காரங்க எல்லாரும் எழுந்து அட்சதையோட முன்னாடி வருவாங்க, அந்த அரை நிமிஷத்துல நீங்க மூணு தடவை இடம் மாறணும். வீடியோ எடுக்குறவருக்கு ஒரு ட்ரைபாட் போதும், அதுவும் நடைபாதையில வேணாம், ஓரமா, காலுக்குக் கீழ வெள்ளை டேப் ஒட்டி.

பறவை எடுக்குறவங்களுக்கும் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துல மோனோபாட்தான் என் கட்சி. செப்டம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடக்கே இருந்து வலசைப் பறவைங்க வர்ற காலம், அப்போ மறைவுக் குடில்ல இடம் கிடைக்கிறதே கஷ்டம், அதுக்குள்ள ஒருத்தர் ட்ரைபாடை விரிச்சா மூணு பேரு நிக்கிற இடம் போச்சு. 150-600 லென்ஸ் மட்டுமே 2 கிலோ கிட்ட வரும். ஆனா ஒரே கிளையில உக்காந்திருக்குற மீன்கொத்திக்காக ரெண்டு மணி நேரம் காத்திருக்கப் போறீங்க, கூட்டமும் இல்லன்னா, ட்ரைபாடும் ஜிம்பல் ஹெட்டும் (கனமான லென்ஸை சுலபமாத் திருப்ப உதவுற தலைப்பாகம்) வெச்சு உக்காருறது சொகம்தான்.

இப்போ ட்ரைபாட் பக்கம் வர்றேன், ஏன்னா அது இல்லாம நடக்கவே நடக்காத விஷயங்களும் இருக்கு. மரினா பே சாயங்காலம் எடுத்துக்குங்க. இங்க சூரியன் 7 மணி சுமாருக்கு மறையும், நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்குறதால இருட்டு சீக்கிரம் விழுந்துடும், வானம் நீலமா, கட்டட விளக்கும் எரிஞ்சுக்கிட்டு ரெண்டும் சரிசமமா இருக்குற நேரம் 20 நிமிஷம்கூட நிக்காது. அப்போ போயி ட்ரைபாட் காலை நீட்டிக்கிட்டு இருந்தா நேரம் போயிடும், 6.30க்கே செட் பண்ணி ஃபோகஸ் பாத்து வெச்சிடுங்க. ஐஎஸ்ஓ 100, எஃப்/8 (லென்ஸ் துவாரத்தோட அளவு), 10 செகண்ட், 15 செகண்ட்னு போனா தண்ணி கண்ணாடி மாதிரி வரும். ரெண்டு செகண்ட் டைமர் வைங்க, கையால அமுக்குற அதிர்வே படத்தைக் கெடுக்கும். பாலத்து மேல நின்னு எடுக்குறவங்க கவனிக்கணும், ஜாகிங் போறவங்க ஓடுனா பாலமே அதிரும், ட்ரைபாட் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அது பாலத்தோட சேர்ந்துதான் ஆடும். லைவ் வியூவை (கேமரா ஸ்க்ரீன்ல நேரடியாத் தெரியுற காட்சி) 10 மடங்கு பெருசாக்கி தூரத்துல ஒரு விளக்கைப் பாருங்க, அது துடிச்சா கெட்டியான தரைக்கு இறங்கிடுங்க, இல்லன்னா ஆள் நடமாட்டம் குறையுற வரைக்கும் காத்திருங்க.

தேசிய நாள் வாணவேடிக்கைக்கும் ட்ரைபாட்தான், எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 3, 4 செகண்ட். இதுல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். அடுக்குமாடி புளோக் காரிடார்ல நின்னு எடுக்குறவங்க தயவு செஞ்சு சுவர் மேல கேமராவையோ குட்டி ட்ரைபாடையோ வைக்காதீங்க. 12வது மாடியில இருந்து ஒரு லென்ஸ் மூடி விழுந்தாலே கீழ போறவங்களுக்கு ஆபத்து, ஒரு கிலோ கேமரா விழுந்தா என்ன ஆகும். ட்ரைபாட் சுவருக்கு உள்பக்கம் தரையில நிக்கணும், நடுத்தண்டு (கேமராவை இன்னும் உயர்த்த நடுவுல இருக்குற தண்டு) வெளிய சாயக் கூடாது, கேமரா ஸ்ட்ராப் உங்க கழுத்துலயோ கையிலயோ இருக்கணும். பக்கத்து வீட்டு சக்கர நாற்காலி போற அளவுக்கு வழியும் விடுங்க.

வாங்கப் போகும்போது உங்க கேமராவையும் உங்ககிட்ட இருக்குறதுலயே கனமான லென்ஸையும் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. ட்ரைபாடை நீட்டும்போது ஒவ்வொரு கால்லயும் மேல இருக்குற தடிச்ச துண்டை மொதல்ல நீட்டணும், கடைசி மெலிஞ்ச துண்டு வேணும்னா மட்டும். நடுத்தண்டைத் தூக்காமலேயே உங்க கண்ணு வரைக்கும் வரணும், தண்டைத் தூக்குனா அது ட்ரைபாட் தலையில நட்ட மோனோபாட் மாதிரிதான். கேமராவை மாட்டி, மேல இருந்து ரெண்டு கையால அமுக்கி லேசா முறுக்கிப் பாருங்க, கால் வழுக்குனாலோ கழுத்துகிட்ட முறுக்கிக்கிட்டாலோ வேணாம். எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்குறதை அப்படியே நம்பாதீங்க, உங்க சாமான் கனத்தைப் போல ரெண்டு மடங்காவது இருக்கட்டும். கார்பன்ல வாங்குனா இலேசா இருக்கும், அலுமினியம்னா விலை கம்மி, நம்ம ஊர்ல எம்ஆர்டியும் பஸ்ஸும் ஏறி இறங்கி வேர்த்துக்கிட்டே தூக்கணும்ங்குறதை மறந்துடாதீங்க, கனமா இருக்கேன்னு வீட்லயே வெச்சுட்டுப் போற ட்ரைபாட் எவ்வளவு உறுதியா இருந்தும் என்ன பிரயோஜனம். சாங்கி பீச், ஈஸ்ட் கோஸ்ட்னு கடல் தண்ணியில நிக்க வெச்சிருந்தா அன்னிக்கே நல்ல தண்ணியில ட்ரைபாட் காலைக் கழுவி, விரிச்சு வெச்சுக் காய விடுங்க. உப்பும் மணலும் லாக்குக்குள்ள போனா திருகும்போது நறநறன்னு சத்தம் வரும், அதுக்கப்புறம் கழட்டித்தான் சுத்தம் பண்ணணும்.

போன்ல எடுக்குறவங்களுக்கும் ட்ரைபாட் பிரயோஜனப்படும், ஐபோனை அசையாம வெச்சா இருட்டுல நைட் மோட் 30 செகண்ட் வரைக்கும் போகும். ஒரு கிளாம்ப்பும் சின்ன ஸ்டாண்டும் போதும்.

ஒண்ணு வாங்கத்தான் காசு இருக்கு மாமா, எதுன்னு நீங்களே சொல்லுங்கன்னு கடைசியில கேட்டான். நான் பதில் சொல்லல, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி, ஒரு வருஷத்துல அவனுக்கே பிடிச்ச 100 படத்தை எடுத்து வெக்கச் சொன்னேன். கோயில், தங்கச்சி டான்ஸ் அரங்கேற்றம், நண்பன் கல்யாணம், வாய்ட் டெக்ல (புளோக் கீழ்த்தளத்துத் திறந்த இடம்) பிறந்தநாள், பூங்காவுல நீர்நாய்க் குடும்பம்னு 80க்கு மேல ஆளும் பிராணியும் நகர்ற படம், ராத்திரி கட்டடம் 9 தான் இருந்துச்சு. அவனே சிரிச்சுக்கிட்டு மோனோபாட்னு சொல்லிட்டான். மரினா பேக்கு வர்ற சனிக்கிழமை என் ட்ரைபாடைக் கேட்டிருக்கான், கேமராவை ட்ரைபாட்ல பொருத்துற பிளேட் என் கேமராவுலயே மாட்டிக்கிட்டு இருக்கும், மறக்காம அதையும் கேட்டு வாங்கிட்டுப் போடான்னு மெசேஜ் போட்டிருக்கேன்.