பழைய மடிக்கணினிக்கு வயதாகவில்லை, இடம் போதவில்லை

திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு மடிக்கணினி, 2013ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 2 ஜிபி ராம். இப்போது அதில் ஒரு கடிதம் தட்டச்சு செய்யவே பொறுமை போதவில்லையாம். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் காட்டினால், "வயதாகிவிட்டது, இனி தேறாது" என்று கையை விரித்துவிட்டார்கள். மருமகனோ விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டால் ஓடும் என்கிறார். "கணினிக்கு வயதானால் வேகம் குறையுமா? குறையும் என்றால், மென்பொருளை மாற்றினால் மட்டும் எப்படிச் சரியாகும்?"

நல்ல கேள்வி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து இதே கேள்வியைப் பலரும் வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ராமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இந்த வாசகரின் கணினி அந்த வாசற்படியைத் தாண்டாது.

முதல் பாதிக்கு விடை: குறையாது. கணினியின் மூளையான செயலியின் துடிப்புக்கு அடிப்படை ஒரு குவார்ட்ஸ் படிகம். 2013இல் நொடிக்கு 200 கோடி முறை துடித்த செயலி இன்றும் அதே 200 கோடி முறைதான் துடிக்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு வெப்பம். விசிறியில் தூசி அடைத்து, செயலியின் மேல் பூசிய வெப்பப் பசை காய்ந்துவிட்டால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து அந்தத் தூசியைப் பிசினாக்கிவிடுகின்றன. ஆகவே முதலில் விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைப்பதானால் மூடியின் மேல் வையுங்கள், காற்றுப் போகும் துளைகளில் வேண்டாம். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இன்னொரு பூசையும் நம்மிடம் உண்டு. கணினியைத் திறந்தவுடன் வலது பொத்தானை அழுத்தி நான்கைந்து முறை "ரெஃப்ரெஷ்" கொடுப்பது. திரையில் உள்ள சின்னங்களை மறுபடி வரைவதைத் தவிர அது எதையும் செய்வதில்லை. கணினி வகுப்புகளில் ஆசிரியர்களே இதைச் செய்து காட்டுவதைப் பார்க்கிறேன். திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

சரி, இயந்திரம் அதே வேகத்தில் இருக்கிறது என்றால் மந்தம் எங்கிருந்து வருகிறது? ராம் என்ற நினைவகத்திலிருந்து. 2013இல் ஓர் இணையப் பக்கத்துக்குத் தேவைப்பட்ட நினைவகம் வேறு, இன்று தேவைப்படுவது வேறு. மென்பொருள் பருத்துக்கொண்டே போக, ராம் அதே 2 ஜிபியில் நிற்கிறது.

ராம் நிரம்பினால் கணினி நின்றுவிடுவதில்லை. இங்கேதான் இயங்குதளத்தின் சாமர்த்தியம் தொடங்குகிறது. நினைவகம் முழுவதையும் அது 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2 ஜிபி என்றால் 5,24,288 பக்கங்கள். எந்த நிரல் எந்தப் பக்கத்தைப் பயன்படுத்துகிறது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு பதிவிலும் ஒரு சிறு அடையாளம்: இந்தப் பக்கத்தைச் சமீபத்தில் யாராவது தொட்டார்களா? தொட்டவுடன் செயலியே அந்த அடையாளத்தை இட்டுவிடும். இயங்குதளம் அவ்வப்போது வந்து அடையாளங்களை அழித்துவிட்டுப் போகும். அடுத்த முறை வரும்போதும் அடையாளம் விழாமல் கிடக்கும் பக்கங்கள்தாம் வெளியேற்றத் தகுந்தவை. ஹார்ட் டிஸ்கில் அவற்றுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு அவை போகின்றன. அதற்கு ஸ்வாப் என்று பெயர். மறுபடி தேவைப்பட்டால் திரும்ப வரும். நிரலுக்கு இந்தப் போக்குவரத்து எதுவும் தெரியாது. 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

திரும்ப வருவதற்கு ஆகும் நேரத்தில்தான் தொல்லை. மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேடும் இடம் ஊசியின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச்சுற்று, ஊசி நகர்வதற்கு இன்னும் பத்து மில்லி விநாடி, ஆக மொத்தம் ஏறத்தாழ 15. ராமிலிருந்து எடுப்பதற்கோ ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். ஒன்றரை லட்சம் மடங்கு வேறுபாடு! ராமிலிருந்து எடுக்க ஒரு விநாடி ஆவதாக வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க 41 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்று காலை ஆறு மணிக்குக் கேட்ட பொருள் நாளை இரவு பதினொன்றரை தாண்டி வந்து சேரும். வெளியே அனுப்பிய பக்கத்தையே அடுத்த கணம் திரும்பக் கேட்டு, அதற்கு இடம் செய்ய வேறொன்றை அனுப்பி, பிறகு அதையும் கேட்டு என்று போனால், செயலி வேலையே செய்யாமல் காத்திருக்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரியும். வாசகர் வீட்டில் நடப்பது இதுதான். கடைக்காரர் வயது என்று சொன்னதும் இதைத்தான்.

இனி நான் சொல்ல விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன்.

லினக்ஸில் ஜீராம் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. வெளியேற்ற வேண்டிய பக்கத்தை ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பாமல், சுருக்கி ராமிலேயே வைத்துக்கொள்கிறது. கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். இடம் இல்லை என்றுதானே வெளியேற்றுகிறோம், அதே இடத்திலேயே எப்படி வைப்பது? நினைவகத்தில் கிடப்பவற்றில் பெரும்பகுதி ஒரே மாதிரியான சரக்கு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிரல்கள் தாராளமாக இடம் கேட்டு வாங்கி, அதில் வெறும் சுழியத்தை நிரப்பி அப்படியே விட்டுவிடும். அத்தகைய பக்கத்தை ஜீராம் சேமிப்பதே இல்லை. பக்கம் முழுவதும் ஒரே மதிப்புதான் என்று கண்டால், அந்த ஒற்றை மதிப்பைக் குறித்துக்கொண்டு 4,096 பைட்டையும் விடுவித்துவிடுகிறது.

மற்றவற்றுக்கு 1977இல் லெம்பெல், சிவ் என்ற இருவர் வகுத்த வழி. முன்பு வந்த வரிசையே மறுபடி வந்தால், அதைத் திரும்ப எழுத வேண்டாம். "இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட்டை நகல் எடு" என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். தமிழுக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. "கன்னியாகுமரி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணினால் 12 குறியீடுகள், 36 பைட். அதில் 224 என்பது 12 முறை, 174 பத்து முறை, 175 இரண்டு முறை. உண்மையான செய்தி மீதி 12 பைட்டில்தான் இருக்கிறது! தமிழ் எழுத்து மூன்று மடங்கு இடம் பிடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. சுருக்கும் நிரலின் கண்ணுக்கு அது கரும்பு. எல்லா நிரலுக்கும் ஒரே அளவில் இனிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்இசட்4 என்ற வேகமான நிரல் குறைந்தது நான்கு பைட் ஒத்துப்போனால்தான் கவனிக்கும். ஆகவே சொல்லோ சொல்லின் பகுதியோ மறுபடி வரும்போதுதான் அதற்குப் பலன். இசட்ஸ்டான்டர்ட் போன்ற மற்றொன்று, அடிக்கடி வரும் பைட்டுக்குக் குட்டையான குறியீடு கொடுப்பதால் 224ஐயும் 174ஐயும் ஏறக்குறைய விழுங்கிவிடும்.

என்னை மயக்கியது இதற்கு அடுத்த படி. 4,096 பைட் பக்கம் சுருங்கி 3,072 பைட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு பக்கத்தில் வைத்தால் மீதி 1,024 பைட் வீண். ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் செலவாகிவிட்டது, மிச்சம் எதுவும் இல்லை. ஜீராம் அப்படி வைப்பதில்லை. ராமில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் மூன்று பக்கங்களை ஒரே நீளமாகப் பாவித்துக்கொள்கிறது. மூன்று பக்கம் என்றால் 12,288 பைட். 3,072ஐ நான்கால் பெருக்கிப் பாருங்கள், அதே 12,288. நான்கு பக்கச் சரக்கு மூன்று பக்கத்தில் ஒரு பைட்கூட வீணாகாமல் உட்கார்ந்துவிட்டது. சுருங்கிய அளவுகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் எத்தனை பக்கம் சேர்த்தால் வீண் குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே சுருக்கிய படம், காணொளி போன்றவை மேலும் சுருங்காது. அவற்றை அடையாளம் கண்டு அப்படியே முழுசாக வைத்துவிடும்.

சராசரியாகப் பாதிக்குப் பாதி சுருங்கும் என்பது லினக்ஸ் ஆவணத்திலேயே உள்ள எதிர்பார்ப்பு. அப்படியானால் 1,000 எம்பி சரக்கு 500 எம்பியில் அடங்கி, மீதி 500 நமக்கு. ஒரு பக்கத்தைச் சுருக்கவோ விரிக்கவோ பழைய செயலிக்கும் பத்து, பதினைந்து மைக்ரோ விநாடி போதும். மேலே சொன்ன கணக்கில் 41 மணி நேரக் காத்திருப்பு இரண்டரை நிமிடமாகக் குறைகிறது. சும்மா காத்துக்கொண்டிருந்த செயலிக்கும் ஒரு வேலை கிடைக்கிறது.

இதைப் பயன்படுத்தும்போது இரண்டு எண்களை மாற்ற வேண்டும். ஸ்வாப் என்றால் மெதுவானது என்ற பழைய அனுமானத்தில், அதைத் தொடத் தயங்கும்படி லினக்ஸ் ஸ்வாப்பினஸ் என்ற எண்ணை 60ஆக வைத்து வருகிறது. இந்த எண்ணின் உச்சவரம்பை 2020இல் வந்த 5.8 பதிப்பில் 100இலிருந்து 200ஆக உயர்த்தினார்கள். ஜீராம் இருந்தால் 100க்கு மேல் வைக்கலாம். இரண்டாவது, ஊசி எப்படியும் நகர்ந்துவிட்டதே என்று ஒரு பக்கம் கேட்டால் எட்டுப் பக்கத்தைச் சேர்த்து எடுத்துவரும் பழக்கம். பேஜ் கிளஸ்டர் என்ற எண் அதைத் தீர்மானிக்கிறது. ஊசியே இல்லாத இடத்தில் அது தேவையில்லை, ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிவிடலாம்.

நியாயமாகச் சொன்னால், நினைவகச் சுருக்கம் லினக்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. மேக்கில் 2013 முதலும் விண்டோஸ் 10இல் 2015 முதலும் இருக்கிறது. ஆனால் விண்டோஸில் அது எப்படி முடிவெடுக்கிறது என்று நானோ நீங்களோ படித்துப் பார்க்க முடியாது. மாற்றவும் முடியாது. ஜீராமைத் தொடங்கியவர் நித்தின் குப்தா. அவருடைய நிரல் சில ஆண்டுகள் சோதனைப் பகுதியில் இருந்து, பலர் கைபட்டுத் திருந்தி, 2014இல் 3.14 பதிப்பில் முறைப்படி லினக்ஸுக்குள் வந்தது. இன்று பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதுதான் ஓடுகிறது. மூல நிரல் சில ஆயிரம் வரிகள்தான். சி மொழி தெரிந்த எவரும் ஒரு மாதத்தில் படித்துவிடலாம். நம் மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டுச் செயல்திட்டம் என்று ஆண்டுதோறும் அதே நூலக மேலாண்மை மென்பொருளை அட்டை மாற்றிக் கட்டிக் கொடுப்பதைவிட, இதில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பலாம்.

அரசின் பணம் எங்கே போகிறது என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. 2011இல் மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். கணினி கொடுக்கப் பணம் இருந்தது. அதைக் கற்றுக்கொடுக்க, ஐந்தாண்டு கழித்துப் புதுப்பிக்க, பழுது பார்க்க ஆள் வைக்கவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடத்துக்கு ஏற்ற லினக்ஸ் பதிப்பு, அதைப் பராமரிக்க கைட் என்ற அரசு நிறுவனம், எல்லாம் ஓர் ஏற்பாடாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே மழை, ஒரே ரப்பர் தோட்டம். இங்கே ஒரு கணினி "தேறாது" என்று பழைய இரும்புக்காரரிடம் போகிறது.

இனி வாசகர் செய்ய வேண்டியது. டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அல்லது அதன் வழிவந்த ஏதாவது ஒன்றை எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி என்ற எளிய திரைச்சூழலோடு பென்டிரைவில் ஏற்றுங்கள். நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் பதிப்பில் ஜீராம் 2020 முதல் தானாகவே இயங்குகிறது. டெபியனில் ஜீராம் டூல்ஸ் என்ற தொகுப்பை நாமே நிறுவ வேண்டும். தமிழ்99 விசைப்பலகையும் தமிழ் எழுத்துருக்களும் எளிதாகவே கிடைக்கின்றன.

கொஞ்சம் செலவு செய்ய முடியுமானால், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு சுழலும் தட்டே இல்லாத வேகமான சேமிப்பகமான ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுங்கள். ஜீராமால் சமாளிக்க முடியாமல் போகும் நேரத்தில் அது கைகொடுக்கும். அப்படிப்பட்ட நேரம் வரும். உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்து, கூடவே காணொளியும் பார்த்தால் 2 ஜிபி எந்த வித்தையாலும் போதாது. கடிதம், கணக்கு, மின்னஞ்சல், ஓரிரு இணையப் பக்கம் என்றால் தாராளமாக ஓடும். உங்கள் கணினி 2013ஐச் சேர்ந்தது என்பதால் பெரும்பாலும் 64 பிட் செயலியாகத்தான் இருக்கும். இதைவிடப் பழைய 32 பிட் கணினியை யாராவது பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அதற்கு நிறுவும் நிரல் கிடையாது. 12ஆம் பதிப்பைத்தான் தேட வேண்டும், அதுவும் இன்னும் சில காலத்துக்கே.