காந்தம் இல்லாமல் பாடும் ஸ்பீக்கர்

வைகாசி பிறந்தால் வன்னியில் சவுண்ட் சேர்விஸ்காரருக்கு நித்திரை இல்லை. வற்றாப்பளைப் பொங்கல் முடிய அடுத்த ஊர்க் கோயில், அது முடிய இன்னொன்று. லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஆள் உயரப் பொக்ஸ்கள், ஜெனரேற்றர், வயர், தூக்கி இறக்க நாலு பொடியன்கள். அந்தப் பொக்ஸுக்குள் இருக்கிற 18 அங்குல ஸ்பீக்கர் ஒன்று மட்டுமே 10 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் சத்தம் போடுகிற பகுதி, அதாவது முன்னும் பின்னும் ஆடுகிற கடதாசிக் கோனும் செப்புச் சுருளும், சில நூறு கிராம்தான். மிச்சப் பாரத்தில் பெரும்பங்கு, ஆடாமல் பின்னால் குந்தியிருக்கிற காந்தமும் இரும்பும்.

அந்தக் காந்தம் இல்லாமல் முடியாதா? முடியும். மின்சாரம் கொடுத்தால் தானே வடிவம் மாறுகிற பல்பகுதிய (பொலிமர்) படலங்கள், அதாவது றப்பர், பிளாஸ்ரிக் மாதிரியானவை, இருக்கின்றன.

இப்போதைய ஸ்பீக்கரின் அமைப்பை 1925 இல் அமெரிக்காவில் றைஸ், கெலொக் என்ற இரண்டு பொறியியலாளர்கள் வகுத்தார்கள். காந்தப்புலத்துக்குள் இருக்கும் சுருளில் ஓட்டம் பாய்ந்தால் சுருளை ஒரு விசை தள்ளும், சுருளோடு கோனும் போகும், கோன் காற்றைத் தள்ளும். நூறு வருடமாகக் காந்தத்தின் தரம் கூடியிருக்கிறது, கதை அதேதான்.

பல்பகுதிய ஸ்பீக்கர் வேறு விசையைப் பிடிக்கிறது. மெல்லிய சிலிக்கன் றப்பர் படலம் ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் மின்கடத்தும் பூச்சு பூசுங்கள். றப்பர் மின்சாரத்தைக் கடத்தாத காவலி, ஆகவே இது மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கிற ஒரு கொள்ளளவி (கப்பாசிற்றர்). வோல்ற்றளவு கொடுத்தால் ஒரு பக்கம் நேர் ஏற்றம், மறுபக்கம் மறை ஏற்றம் சேரும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், நடுவில் அகப்பட்ட றப்பர் நசியும். றப்பரின் கனவளவு குறையாது என்பதால், ரொட்டி மாவை அமுக்கினால் பக்கவாட்டில் பரவுவது மாதிரி, தடிப்பில் நசிந்த படலம் பரப்பில் விரியும். அவ்வளவுதான் அடிப்படை. பூச்சும் கூடவே விரிந்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும், அதனால்தான் உலோகத் தகட்டுக்குப் பதிலாகக் கரித்தூள் கலந்த பசை மாதிரியானவற்றைப் பூசுகிறார்கள்.

விரிந்தால் சத்தம் எப்படி வரும் என்பது நியாயமான கேள்வி. தட்டையாக இழுத்துக் கட்டிய படலம் விரிந்தால் கொஞ்சம் தளரும், வேறொன்றும் நடக்காது. அதனால் படலத்தைச் சட்டம் ஒன்றில் கட்டி, பின்பக்கம் சிறிதளவு காற்றமுக்கம் கொடுத்துக் கவிழ்த்த கிண்ணம் போல உப்ப வைப்பார்கள். இப்போது பரப்புக் கூடினால் உப்பல் உயரும், குறைந்தால் தணியும். பாட்டின் அலைக்கு ஏற்ப வோல்ற்றளவை ஏற்றி இறக்கினால் கிண்ணம் ஆடும், காற்று அதிரும்.

விசை எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 60 மைக்ரோன் தடிப்புள்ள, கிட்டத்தட்ட ஒரு தலைமயிர் தடிப்பான, சிலிக்கன் படலத்துக்கு 3000 வோல்ற் கொடுத்தால் உள்ளே உருவாகும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதே மின்புலத்தைக் காற்று இடைவெளியில் கொடுக்கப் பார்த்தால், அதற்கு வெகு முன்னமே பொறி பறக்கும். றப்பர் தாங்குகிறது. உள்ளங்கை அளவான இந்தப் படலத்தின் பாரமோ ஒரு கிராமுக்கும் குறைவு.

சரி, ஒரு வில்லங்கம். விசை வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமம், அதனால் நேரா மறையா என்று படலத்துக்குக் கவலையே இல்லை, எப்படிக் கொடுத்தாலும் நசியும். 440 ஹேர்ட்ஸ் சுரத்தை நேரே கொடுத்தால் ஒரு சுற்றில் இரண்டு தரம் நசிந்து 880 ஹேர்ட்ஸாகப் பாடும், ஒரு ஸ்தாயி மேலே. இதற்கு வைத்தியம், முதலில் 3000 வோல்ற் நேரோட்ட அழுத்தத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, பாட்டை அதன் மேல் முந்நூறு வோல்ற் கூட்டிக் குறைத்து ஏற்றுவது. அப்போது படலம் பாட்டோடு சேர்ந்து ஆடும், இரட்டிப்பு மீடிறனில் (அதிர்வெண்ணில்) வருகிற பிசகு நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

மின்சாரம் றப்பரை நீட்டும் என்பது புதுச் சங்கதி இல்லை. எக்ஸ் கதிரைக் கண்டுபிடிக்கப் பதினைந்து வருடம் முதலே, 1880 இல், றொன்ற்ஜன் றப்பர் பட்டிக்கு மின்னேற்றம் கொடுத்து நீளம் மாறுவதைப் பார்த்திருக்கிறார். ஆனால் 1990களில் கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வுகூடத்தில் றொன் பெல்றினும் கூட்டாளிகளும் கையில் எடுத்த பிறகுதான் அது தொழில்நுட்பமாகியது. 2000 இல் அவர்கள் படலத்தை அதன் அளவின் இரண்டு மடங்குக்கும் மேல் விரித்துக் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2013 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த ஸ்பீக்கர். அதில் கடத்தும் பூச்சு கரியும் இல்லை, உலோகமும் இல்லை, உப்புத் தண்ணீர் ஊறிய ஜெல்லி. ஆனையிறவு உப்பளத்தில் விளைகிற அதே சோடியம் குளோரைட். முழுதும் கண்ணாடி போலத் தெளிவு, கீழே வைத்த கணினியின் திரை அப்படியே தெரிய, மேலே அது பாடியது. உப்பு நீர் செம்பு மாதிரி நன்றாகக் கடத்தாதே என்று நினைக்கலாம். தேவையில்லை, கொள்ளளவிக்குப் போகிற ஏற்றம் மிகக் கொஞ்சம். ஆயிரக்கணக்கான வோல்ற் கொடுத்தும் தண்ணீர் மின்பகுப்பு அடையாததற்குக் காரணம், வோல்ற்றளவில் ஏறக்குறைய முழுவதும் றப்பருக்குக் குறுக்கே விழுவதுதான், ஜெல்லியும் உலோகமும் தொடுகிற இடத்தில் ஒரு வோல்ற்கூட மிஞ்சாது. ஒரே பயம் ஜெல்லி காய்வது. நம் சோளகக் காற்றில் மூடாமல் வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பொக்ஸ்காரர் தொழில் போய்விடுமா? போகாது. ஒரே சத்தத்துக்கு மீடிறன் பாதியானால் அசைவு நான்கு மடங்காக வேண்டும், நெஞ்சில் இடிக்கிற பேஸுக்கு நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும், அதில் சுருளும் காந்தமும்தான் இன்னும் ராசா. படலத்தில் ஊசிமுனை அளவு குறை இருந்தாலும் அந்த இடத்தில் மின் பாய்ந்து கருகும். ஆயிரக்கணக்கான வோல்ற் தருகிற சுற்றும் வேண்டும், காந்தத்தில் மிச்சம் பிடித்த காசு அங்கே போகும். ஆனால் பேச்சு, அறிவித்தல், பாண் ஓட்டோவின் மெட்டு, வண்டிக் கூரைக்குள் ஒட்டுகிற ஸ்பீக்கர் மாதிரிப் பாரமும் இடமும் இடைஞ்சலாகிற வேலைகளுக்கு, என் கணிப்பில், இது பொருத்தம்.

உயர் வோல்ற் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சித்தப்பா முறை உண்டு. பிவிடிஎப் என்ற பிளாஸ்ரிக் படலம் அமுக்கினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அசையும், 1969 இல் ஜப்பானின் கவாய் இதைக் கண்டார். 2022 இல் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் அதன் 8 மைக்ரோன் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கொப்புளங்களை ஆயிரக்கணக்கில் எழுப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஸ்பீக்கராக ஆட விட்டார்கள். அதனால் சுவரில் ஒட்டினாலும் வேலை செய்கிறது. 25 வோல்ற்றில் 1 கிலோஹேர்ட்ஸ் சுரம் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் 66 டெசிபெல், ஆள் கதைக்கிற சத்தம்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 3000 வோல்ற் பக்கம் போக வேண்டாம். பழைய அலாரம் மணிக்கூட்டைப் பிரித்தால் பித்தளைத் தகட்டில் வெள்ளை வட்டம் ஒட்டிய, மின்சாரம் கொடுத்தால் அசைகிற பீசோ வில்லை இருக்கும். பல்பகுதியம் இல்லை, பீங்கான், ஆனாலும் பிவிடிஎப்பின் சொந்தம்தான். அதன் இரண்டு வயரையும் பழைய இயர்போன் வயரில் முறுக்கி போனில் செருகினால் நுளம்பு மாதிரிப் பாடும். வில்லையை வெறும் பிஸ்கற் ரின்னின் அடியில் ஒட்டிவிட்டு இன்னொரு தரம் போடுங்கள், சத்தம் நன்றாகக் கூடும், ஏனென்றால் இப்போது காற்றைத் தள்ளுவது வில்லை மட்டுமல்ல, ரின்னும்தான்.